கதை என்பது ஒரு போகம் நெல்!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை. சாயங்காலம் ஆறு மணி. ஜெனரல் ஷிஃப்ட் விட்டு எஸ்டேட் ஜனம் மொத்தமும் ரோட்டில் இருக்கிற நேரம். முப்பதைத் தாண்டிய ஓர் இளைஞர், கையில் டீ கிளாஸோடு என்னிடம் கேட்டார்:

"சார்... ஃபர்ஸ்ட் ஆஃப் பிரமாதமா வந்திருக்கு. யார்கிட்ட சொன்னாலும் கை தட்டறாங்க. செகண்ட் ஆஃப்தான் நிக்க மாட்டேங்குது. என்னதான் பண்றது?"

பகலில் அவருக்கு லேத் மெஷின். ராத்திரியில் திரைக்கதை. ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. அடுத்த வியாழக்கிழமை ஒரு தயாரிப்பாளரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. "இதுவும் நடக்கலைன்னா தையோட சினிமாவை மறந்துடறேன்னு வீட்ல சொல்லிட்டேன் சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீ ஆறிப் போயிருந்தது.

அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். "நான் கதை எழுதுகிற ஆள் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பேரனுக்குக் கதை சொல்லிப் பாதியில் அவன் கொட்டாவி விட்டதைப் பார்த்த அத்தனை பேருக்கும் இது பொதுவான பிரச்னைதான்!

சரி, கதைக்கு உடம்பு எப்படி அமைய வேண்டும் என்று முதலில் யோசித்தது யார்?

மேற்கே கேட்டால் உடனே அரிஸ்டாட்டிலைக் கை காட்டுவார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் சொன்னது ரொம்ப எளிமையானது. ஒரு முழுமையான கதைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று வேண்டும். 'இதைச் சொல்ல அரிஸ்டாட்டில் எதற்கு?' என்று தோன்றும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. முடிவு என்பது, தனக்கு முன்னால் நடந்ததால் விளைய வேண்டும். தனக்குப் பின்னால் எதுவும் தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்றார். எத்தனை படங்கள் இந்த ஒரு பரீட்சையில் தேறும், சொல்லுங்கள்!

1863-ல் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக், நாடகத்தை ஒரு கோபுரம் மாதிரி வரைந்து காட்டினார். அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு என்று ஐந்து படிகள். உச்சம் நடுவில். அதாவது, மலை ஏறி மலை இறங்குகிற கதை. 1979-ல் அமெரிக்காவின் சிட் ஃபீல்ட் 'ஸ்க்ரீன்ப்ளே' என்ற புத்தகத்தில் இதை ஹாலிவுட்டுக்கு ஏற்றபடி கணக்காகவே போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் ஒரு நிமிஷம். மொத்தம் 120 பக்கம். முதல் 30-ல் கதையைத் தொடங்கு, நடு 60-ல் மோதவிடு, கடைசி 30-ல் முடி. பகுதிக்குப் பகுதி தாவுகிற இடத்தில் கதையைத் திருப்பிவிடுகிற ஒரு சம்பவம். கோடம்பாக்கத்து உதவி இயக்குநர்களின் பையில் பல வருஷமாக இதன் ஜெராக்ஸ் பிரதி இருந்தது. தமிழில் சுஜாதாகூட 'திரைக்கதை எழுதுவது எப்படி?' என்றே ஒரு புத்தகம் எழுதினார்.

நம் இளைஞருக்கு இவையெல்லாம் மனப்பாடம். "எல்லாத்தையும் ஃபாலோ பண்ணிட்டேன் சார். முப்பதாம் பக்கத்துல கரெக்டா ட்விஸ்ட் இருக்கு" என்றார். அப்படியும் செகண்ட் ஆஃப் நிற்கவில்லை!

அப்போதுதான் நான் அவரிடம் ஒரு பெயரைச் சொன்னேன். அடியார்க்கு நல்லார்.

"யாரு சார் அது? டைரக்டரா?"

இல்லை. உரையாசிரியர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர். 'எம்பெருமானே, இலக்கிய வகுப்பா?' என்று பயப்படாதீர்கள். இனிமேல்தான் சுவாரஸ்யமே.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடல் அரங்கேறும் பகுதிக்கு அரங்கேற்று காதை என்று பெயர். அதற்கு உரை எழுத உட்கார்ந்த அடியார்க்கு நல்லார் சும்மா பதவுரை எழுதிவிட்டுப் போகவில்லை. மேடை எப்படி இருக்கும், திரை எத்தனை வகை, கூத்து எத்தனை வகை என்று தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறார். பழைய நாடகத் தமிழ் நூல்கள் பல அழிந்துபோனதை வருத்தத்தோடு பட்டியல் போடுகிறார். அந்த வரிசையில், ஒரு நாடகக் கதைக்கு ஐந்து சந்திகள் உண்டு என்கிறார். சந்தி என்றால் மூட்டு. உடம்பு மடங்குகிற இடம்.

அந்த ஐந்தும் இவை: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல்.

ஐந்து சந்திகள் என்ற கணக்கு வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலேயே உண்டு. கதைக்கு வித்து என்று ஒன்று வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடியார்க்கு நல்லார் அந்த ஒற்றை விதையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வயலில் இறங்கிவிட்டார்! கடைசி இரண்டு சந்திகளுக்கு அவர் உரையில் இருக்கிற பெயர்கள் சுத்தத் தமிழ்: விளைவு, துய்த்தல். ஐந்தையும் அவர் விளக்குகிற முறையைப் பாருங்கள்.

நன்றாக உழுது பண்படுத்திய நிலத்தில் போட்ட விதை, பருவம் பார்த்து முளைக்கிறதே... அது முகம். முளைத்தது இலை விட்டு நாற்றாகி நிற்கிறதே... அது பிரதிமுகம். அந்த நாற்று வளர்ந்து, தனக்குள்ளே பொருளைப் பொதிந்து, சூல் கொண்டு நிற்பது கருப்பம். கதிர் வெளியே வந்து, திரண்டு, காய்த்து, தலை தாழ்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போர் போட்டு, அடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு சந்தோஷப்படுவது துய்த்தல்.

அவ்வளவுதான். திரைக்கதைக்கு ஒரு போகம் நெல் சாகுபடியே பாடம்!

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இதில் மலை இல்லை. ஃப்ரைடாக் கதையை நடுவில் உச்சிக்கு ஏற்றிப் பிறகு இறக்குகிறார். நம்மவர் கதையில் இறக்கமே கிடையாது. கதிர் தாழ்கிறதே என்பீர்கள். அது சோர்ந்து போய்த் தாழவில்லை ஸ்வாமி, கனத்தால் தாழ்கிறது! இரண்டு, கதை அறுவடையோடு முடியவில்லை. சாப்பிட்ட பிறகுதான் முடிகிறது. சாப்பிடுவது யார்? நீங்களும் நானும்தான்.

இந்தப் பாடம் நம் கைக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. பல நூற்றாண்டுகள் இது ஓலைச்சுவடியிலேயே கிடந்தது. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய உ.வே.சாமிநாதையர், 1892-ல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டார். ஐந்தே வருஷம்... 1897-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 'நாடகவியல்' என்று நாடகத்துக்கே ஓர் இலக்கண நூல் எழுதிவிட்டார். பரிதிமாற்கலைஞர் என்று தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டாரே, அவரேதான். எழுதியதோடு நிற்காமல் தாமே நாடகங்களும் படைத்தார். 33 வயதில், 1903-ல் இறந்துபோனார். இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் தமிழில் பேசும் படமும் வந்திருக்கும். அவர் அதற்கு ஒரு இலக்கணம் எழுதாமலா விட்டிருப்பார்?

இதைவிட ஆச்சரியம், இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1926-ல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்ற நூலில் அவர் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துக்கொண்டு, இதே முகம், பிரதிமுகம் அளவுகோலை வைத்து அலசினார். லண்டன் மேடையில் அரங்கேறிய நாடகத்தை நம் நெல் வயலில் நிறுத்தி அளந்து பார்த்த துணிச்சலைச் சும்மா சொல்லக் கூடாது. அளவுகோலும் பொருந்தியது!

"சார், இன்னும் எனக்குப் பிடிபடல" என்றார் இளைஞர்.

சரி, அடியார்க்கு நல்லார் உரை எழுதிய கதையையே எடுத்துக்கொள்வோம் என்றேன். சிலப்பதிகாரம். மூன்று காண்டம், முப்பது காதை. கதையின் விதை எது? சிலம்பு. அது முதலில் எங்கே வருகிறது தெரியுமா? கோவலன் மாதவி வீட்டுக்குப் போய்விட்டான். இங்கே கண்ணகி தனியாக இருக்கிறாள். அவள் நிலைமையைச் சொல்லும்போது இளங்கோவடிகள், அவள் காலில் சிலம்பு இல்லை என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாலாவது காதையில்! விதை மண்ணுக்குள் போய்விட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பெண் புருஷன் இல்லாத வருத்தத்தில் நகை போடவில்லை, அவ்வளவுதான் என்று நாம் தாண்டிப் போய்விடுவோம்.

அப்புறம் கானல்வரி. கடற்கரையில் ஒரு பாட்டு, பதிலுக்கு ஒரு பாட்டு. அதனால் ஒரு சந்தேகம். கோவலன் மாதவியை விட்டு வீடு திரும்புகிறான். கண்ணகி, "சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். விதை முளைத்து வெளியே தலை நீட்டுவது இங்கேதான். அதை முதலாக வைத்து மதுரையில் பிழைக்கலாம் என்று இரண்டு பேரும் விடிவதற்கு முன் கிளம்புகிறார்கள். புகார் என்கிற நாற்றங்காலில் இருந்து பிடுங்கி, மதுரை என்கிற வயலில் நடுகிறார் ஆசிரியர். பிரதிமுகம் முடிந்தது.

அடுத்து கருப்பம். உள்ளே பொருளைப் பொதிந்து வைப்பது. சிலம்பை நினைத்துப் பாருங்கள். அதற்குள்ளும் ஏதோ பொதிந்திருக்கிறது. கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல். பாண்டிமாதேவி சிலம்பில் முத்துப் பரல். இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கின்றன. உள்ளே இருப்பது என்ன என்பதை வழக்குரை காதை வரைக்கும் ஆசிரியர் வாயே திறக்கவில்லை. ஆனால் அந்த நடுப்பகுதியில் அவர் சும்மாவும் இல்லை. கவுந்தியடிகளைத் துணைக்கு அனுப்புகிறார். கோவலன் எவ்வளவு நல்லவன் என்று மாடலன் வாயால் சொல்ல வைக்கிறார். மாதரி வீட்டில் கண்ணகி கையால் அவனுக்கு ஒருவேளை சோறு போட வைக்கிறார். சாகப் போகிறவனை நமக்கு வேண்டியவனாக ஆக்குகிறார். நெல்லுக்குள் பால் பிடிக்கிற நேரம் அது.

சிலம்பு விற்கப் போன கோவலன் கண்ணில் படுவது, அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடிய பொற்கொல்லன். அதே மாலையில் அரண்மனையில் என்ன நடக்கிறது? ஆடல் மகளிரின் பாட்டையும் ஆட்டத்தையும் அரசன் ரசித்ததில் அரசிக்குக் கோபம். தலைவலி என்று எழுந்து போகிறாள். சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், வாசலில் வந்து நின்ற பொற்கொல்லன் சொன்னதை அரசன் விசாரிக்காமலே உத்தரவு போட்டுவிடுகிறான். புகாரில் ஒரு பாட்டால் ஒரு வீடு உடைந்தது. மதுரையிலும் ஒரு பாட்டில்தான் ஆரம்பம். போட்ட விதைதானே முளைக்கும்!

பிறகு விளைவு. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் உயிர் விடுகிறான், மதுரை எரிகிறது. நம்ம சினிமாக்காரர்களாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டிருப்பார்கள். இளங்கோ போடவில்லை. வஞ்சிக் காண்டம் என்று இன்னும் ஏழு காதை எழுதுகிறார். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து வந்து கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். 'கிளைமாக்ஸ் முடிந்த பிறகு இது எதற்கு, இழுவை' என்று சொல்பவர்கள் உண்டு. ஐந்தாவது சந்தியை மறந்தவர்கள் அவர்கள். அறுத்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய அநியாயத்தைப் பார்த்த நாம் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? அதற்குத்தான் துய்த்தல்.

(எந்தக் காதைகள் எந்தச் சந்தி என்று இங்கே பிரித்தது என் வசதிக்கு நான் செய்தது. பெரியவர் மேல் பழி போட வேண்டாம்!)

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா நெல்லு போட்டவருதான் சார்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம். 24 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற செம்பரம்பாக்கம் ஏரியை நம்பி இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பச்சைப் பசேலென்று இருந்தது. அம்பத்தூருக்கு அம்பத்தூர் ஏரி, கொரட்டூருக்குக் கொரட்டூர் ஏரி, ஆவடிக்குப் பருத்திப்பட்டு ஏரி. ஏரிக்குக் கீழே வயல், வயலுக்குப் பக்கத்தில் ஊர் என்பதுதான் சென்னையின் மேற்குப் பக்கத்து வரைபடம். 1949-ல் அம்பத்தூருக்கு சைக்கிள் ஃபேக்டரி வந்தது. அறுபதுகளில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி தயாரிக்கும் தொழிற்சாலையும் வந்தன. பிறகு பிளாட் போட்டார்கள், அதன் பிறகு அடுக்குமாடி. இப்போது செம்பரம்பாக்கத்தில் ஒரு ஃபிலிம் சிட்டியே இருக்கிறது. நெல் விளைந்த சீமையில் கதை விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. நிலத்தை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்களின் பெயர் மட்டும் வாயில் பத்திரமாக இருந்தது. அடியார்க்கு நல்லார் சொன்னதை நான் விளக்க, அவர் ரொம்ப சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். 'இதில் என்ன அதிசயம்?' என்கிற முகம்.

"கதிரு சாவியாப் போச்சுன்னா என்ன காரணம்ங்க?" என்று கேட்டேன்.

"கதிர்ல காரணம் தேடக் கூடாது சார். பொதி கட்டற நேரத்துல காய விட்டிருப்பான். அப்போ தண்ணி இல்லேன்னா வெளிய பச்சையாத்தான் நிக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. அறுத்தப்புறம்தான் பதர்னு தெரியும்."

இளைஞர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். செகண்ட் ஆஃப் நிற்கவில்லை என்றால் கோளாறு செகண்ட் ஆஃபில் இல்லை! ஃபர்ஸ்ட் ஆஃப் முழுக்க சிரிப்பும் கைதட்டலுமாகப் பச்சைப் பசேலென்று இருந்ததே தவிர, உள்ளே எதையும் பொதிந்து வைக்கவில்லை.

அன்று ராத்திரியே கதையை அப்பாவிடம் சொன்னாராம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக! நம் ஆட்கள் கோடம்பாக்கம் முழுக்கக் கதை சொல்வார்கள். வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

"கடைசில எதுக்குடா புதுசா ஒரு ஆளக் கூட்டியார? அறுப்புக்குப் பத்து நாள் இருக்கறப்பவே வயல்ல தண்ணிய வடிச்சிடணும். நீ என்னடான்னா அப்பதான் மடைய தொறக்கறியே!"

சிட் ஃபீல்டோ ஃப்ரைடாக்கோ இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை. முடிவு நெருங்கும்போது புதுப் பாத்திரம், புதுத் தகவல், புதுப் பிரச்னை எதையும் பாய்ச்சக் கூடாது. இருப்பது முற்றட்டும்.

ஒரு சின்ன விஷயம் சொல்லி முடிக்கிறேன். கதை எப்படி விளைந்து முடிய வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த அடியார்க்கு நல்லாரின் உரை, நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. நடுவே கானல்வரிக்கு இல்லை. மதுரைக் காண்டம் முடிவதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. வஞ்சிக் காண்டத்துக்கு இல்லவே இல்லை. துய்த்தலைப் பற்றிச் சொன்னவரின் உரையில், துய்க்க வேண்டிய காண்டத்தைத் தேடினால் வெறும் வெள்ளைத் தாள்! கரையான் தின்றதோ, காலம் தின்றதோ.

வியாழக்கிழமை ராத்திரி இளைஞரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சொன்னார்?"

"பார்க்கலாம்னு சொன்னார் சார்."

சினிமாவில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்கலாம் என்றும் அர்த்தம், பார்க்க வேண்டாம் என்றும் அர்த்தம். தை பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. என்ன ஆறுதல் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்:

"ஆனா ஒண்ணு சார். ஃபர்ஸ்ட் ஆஃப்ல அவரு மூணு தடவை போன் எடுத்துப் பேசினாரு. செகண்ட் ஆஃப்ல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு... எடுக்கவே இல்ல!"